காமடோர் 64-இல் "கோவை": சி++20-ஐ 6502-க்குக் கம்பைல் செய்த அனுபவம்

எங்கள் கல்லூரி லேபில் 8085 சில்லு வைத்த பயிற்சி கிட் இருந்தது. 4100 என்ற முகவரியில் தொடங்கி, தாளில் எழுதிவைத்த ஹெக்ஸ் கோடை ஒவ்வொரு பைட்டாக அமுக்கி ஏற்றவேண்டும். நடுவில் ஒரு கட்டளை விட்டுப்போயிருந்தால் அதற்குப் பிறகு வரும் ஜம்ப் முகவரிகள் எல்லாவற்றையும் திரும்பக் கணக்குப் போடவேண்டும். அப்போதே எனக்குள் ஒரு ஆசை விழுந்துவிட்டது: இவ்வளவு சின்ன சில்லுக்கு, பெரிய கணினிக்கு எழுதுகிற மாதிரியே எழுதி, மிச்ச வேலையைக் கம்பைலரிடம் (நாம் எழுதும் நிரலைச் சில்லின் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) விட்டுவிட முடியுமா என்று. இருபது வருடம் கழித்து அதைச் செய்து பார்த்தேன். 8085-இல் இல்லை, காமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினிக்குள் இருக்கும் 6502 வகைச் சில்லில்.

காரணம் எளிது. 6502-க்கு எல்எல்விஎம்-மாஸ் என்ற கம்பைலர் இருக்கிறது. கிளாங் என்ற சி++ கம்பைலர், அதன் அடித்தளமான எல்எல்விஎம் இரண்டையும் கிளைபிரித்து 6502-ஐ ஒரு முழு இலக்காகச் சேர்த்திருக்கிறார்கள். காமடோர் 64, அட்டாரி, என்இஎஸ் என்று பல பழைய இயந்திரங்களுக்கு அதிலேயே தொடக்கக் கோடும், நிரலின் பகுதிகளை மெமரியில் எங்கே வைப்பது என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டும் தயாராக வருகின்றன. இதற்கு முன்பே 2016-இல் ஜேசன் டர்னர் ஒரு சி++ மாநாட்டில் காமடோர் 64-க்கு சி++17-இல் எழுதிய விளையாட்டைக் காட்டினார். அப்போது 6502-க்கு இப்படி ஒரு கம்பைலர் இல்லாததால், கம்பைலர் தரும் எக்ஸ்86 அசெம்பிளியை 6502 அசெம்பிளியாக மாற்றும் ஒரு நிரலை அவரே எழுதினார். அந்த உரையைப் பார்த்த நாளிலிருந்து இந்த வேலை என் பட்டியலில் இருந்தது.

என்ன செய்வது என்று முடிவு செய்ய நேரம் ஆகவில்லை. திரையில் தமிழ் வரவேண்டும். சி++ மூலக்கோப்பில் "கோவை" என்று யூனிகோடிலேயே எழுதவேண்டும், காமடோர் 64 அதைக் காட்டவேண்டும், ஆனால் யூனிகோடு என்றால் என்ன என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியவே கூடாது. 1 மெகாஹெர்ட்ஸுக்கும் கொஞ்சம் குறைவாக ஓடும் சில்லிடம் ஒற்றைக்கொம்பை முன்னால் நகர்த்து, புள்ளியை மேலே வை என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. அந்த வேலை முழுவதும் கம்பைல் ஆகும்போதே என் லேப்டாப்பில் முடிந்துவிடவேண்டும்.

முதலில் 6502 ஏன் கம்பைலர்களுக்குப் பிடிக்காத சில்லு என்று சொல்லிவிடுகிறேன். 1975-இல் வந்தது. கணக்குப் போட ஒரே ரிஜிஸ்டர் (சில்லுக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடம்), ஏ. எண்ணிக்கைக்கு எக்ஸ், ஒய். மூன்றும் 8 பிட். ஸ்டாக் மொத்தமே 256 பைட், அதிலும் "ஸ்டாக்கின் மேலிருந்து நாலாவது பைட்டை எடு" என்று நேராகக் கேட்க ஒரு கட்டளை கிடையாது. சி மொழியோ ஒவ்வொரு ஃபங்ஷனின் லோக்கல் மாறிகளும் ஸ்டாக்கில் இருக்கும் என்று நினைத்து வளர்ந்த மொழி. சிசி65 மாதிரியான பழைய கம்பைலர்கள் மெமரியில் இன்னொரு ஸ்டாக்கை மென்பொருளாகவே வைத்துச் சமாளிக்கின்றன, அது வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு மாறியையும் தொட ஒரு சுற்று சுற்றவேண்டும்.

எல்எல்விஎம்-மாஸ் இரண்டு விஷயம் செய்கிறது. 6502-இல் 0 முதல் 255 வரையுள்ள முகவரிகளுக்கு ஜீரோ பேஜ் என்று பெயர், அங்கே போய்வருவது மற்ற இடங்களைவிட ஒரு சைக்கிள் குறைவு, கட்டளையும் ஒரு பைட் குறைவு. அதில் சில பைட்டுகளை எடுத்து "இவையும் ரிஜிஸ்டர்கள்தான்" என்று கம்பைலர் தனக்குத்தானே வைத்துக்கொள்கிறது. இது முதலாவது. இரண்டாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நிரல் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடுகிறது என்று தொடர்ந்துபோய், தன்னைத்தானே திரும்பக் கூப்பிடாத ஃபங்ஷன்களுக்கு லோக்கல் மாறிகளை நிலையான முகவரிகளிலேயே கொடுத்துவிடுகிறது. ஸ்டாக்கே தேவைப்படாது. அசெம்பிளி எழுதுகிறவர்கள் கையால் செய்வதும் இதைத்தான், "இந்தத் தற்காலிக மதிப்பு இந்த முகவரியில் இருக்கட்டும், அந்த நேரத்தில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள்" என்று.

நிறுவுவதில் சொல்ல ஒன்றுமில்லை, பதிவிறக்கி விரித்தால் போதும். லேப்டாப்பில் காமடோர் 64 மாதிரி நடிக்கும் வைஸ் எமுலேட்டரில் திரை ஓரத்தின் நிறத்தை மாற்றும் நாலு வரி நிரல் பத்து நிமிடத்தில் ஓடிவிட்டது.

அப்புறம் எழுத்துகள். காமடோர் 64-இன் திரை 40 கட்டம் அகலம், 25 வரி. ஒவ்வொரு கட்டமும் 8-க்கு 8 புள்ளி. மொத்தம் 256 வடிவம் வைத்துக்கொள்ளலாம், வடிவத்துக்கு 8 பைட், ஆக 2048 பைட். தமிழின் 247 எழுத்தும் 256-க்குள் அடங்கிவிடுமே என்று முதலில் தோன்றும். அடங்காது. "ண" 8 புள்ளி அகலத்தில் நிற்காது, "ணு" இன்னும் மோசம்.

முதல் முயற்சியில் ஒரு எழுத்து 8 புள்ளி உயரம் என்று வைத்தேன். மேல் வரிசை புள்ளிக்கு, நடுவில் ஆறு வரிசை உடலுக்கு, கடைசி வரிசை வாலுக்கு. "வணக்கம்" அழகாக வந்தது. அடுத்து "தமிழ்" என்று போட்டு மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, கடைசி எழுத்து மு-வா? மு-வுக்கு மேல ஏன் புள்ளி வச்சிருக்க?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரிதான். ஒரே ஒரு வரிசை வாலில் ழ-வையும் மு-வையும் பிரித்துக் காட்ட வழியே இல்லை. ழு என்று வந்தால் கதை முடிந்தது.

அதனால் ஒரு தமிழ் வரிக்கு இரண்டு திரை வரி என்று மாற்றினேன். மேல் கட்டத்தில் புள்ளியும் உடலும், கீழ்க் கட்டத்தில் வால் மட்டும். 25 வரியில் 12 தமிழ் வரிதான் கிடைக்கும், பரவாயில்லை. இப்படிப் பிரித்ததில் எதிர்பாராத ஒரு லாபம் இருந்தது. பெரும்பாலான எழுத்துகளுக்குக் கீழ்க் கட்டம் காலி, அவை எல்லாம் ஒரே வெற்று வடிவத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. உகர வரிசையை எடுத்துக்கொண்டால் பு, சு, யு, வு, ஙு ஒரு குடும்பம், நேராகக் கீழே இறங்கும் கோடு. து, நு, ணு, னு, லு, று, ஞு இன்னொரு குடும்பம். கு, டு, மு, ரு, ழு, ளு மூன்றாவது, வளைந்து போகிறவை. சின்ன வயதில் எழுதிப் பழகியபோது கவனிக்காத ஒழுங்கு, புள்ளிப் புள்ளியாக வரையும்போது பளிச்சென்று தெரிகிறது. முதல் குடும்பத்துக்கு ஒரே வால் வடிவம் போதும்.

புள்ளி வைத்த மெய்களை நான் வரையவே இல்லை. அகர வடிவத்தின் மேல் வரிசையில் 24 என்ற எண்ணை ஆர் செய்தால் (பிட் பிட்டாகச் சேர்த்தால்) நடுவில் இரண்டு புள்ளி ஒளிரும், அதுதான் மெய்ப்புள்ளி. இரண்டு கட்டம் அகலமுள்ள எழுத்தானால் இடது கட்டத்தில் 1, வலது கட்டத்தில் 128, இரண்டும் ஒட்டி நின்று நடுப்புள்ளி ஆகிவிடும். இதை ஒரு கான்ஸ்ட்எக்ஸ்பிஆர் ஃபங்ஷன் செய்கிறது, அதாவது கம்பைல் ஆகும்போதே. பதினெட்டு மெய்களும் பத்து வரிக் கோடில் வந்துவிட்டன.

இப்போது முக்கியமான இடம். மூலக்கோப்பில் ஒரு தமிழ்ச் சரம் எழுதி அதன் பின்னால் "_த" என்று ஒட்டினால் அது கட்ட எண்களின் வரிசையாக மாறவேண்டும். சி++-இல் லிட்டரலுக்கு (கோடில் நேராக எழுதிய மதிப்புக்கு) நாமே பின்னொட்டு வைத்துக்கொள்ளலாம், கிளாங் தமிழ் எழுத்துகளைப் பெயர்களில் ஏற்றுக்கொள்கிறது, அதனால் "_த" என்றே வைத்தேன். சி++20-இல் சரத்தையே டெம்ப்ளேட்டுக்குள் அனுப்ப முடிவதால் அதன் நீளம் கம்பைலருக்கு முன்பே தெரியும். ஃபங்ஷன் இரண்டு முறை ஓடுகிறது, முதல் முறை எத்தனை கட்டம் வரும் என்று எண்ண, இரண்டாவது முறை நிரப்ப.

"கோவை" என்பதையே பாருங்கள். யூனிகோடில் நாலு எண்: க 2965, ோ 3019, வ 2997, ை 3016. திரையில் வரவேண்டிய வடிவங்களோ ஐந்து: ே, க, ா, ை, வ. ஆக ஒவ்வொரு மெய்யைப் படிக்கும்போதும் அடுத்த எண்ணை எட்டிப் பார்க்கவேண்டும். அது 3014 முதல் 3016 வரை இருந்தால் கொம்பையோ ஐகாரக் குறியையோ முதலில் எழுதிவிட்டு மெய்யை எழுது. 3018 முதல் 3020 வரை என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. 3021 என்றால் புள்ளி. இதை எழுதி முடித்து ஓட்டினால் ஒரே ஒரு வரியில் மட்டும் காலுக்கு முன்னால் கட்டம் தவறியது. மூலக்கோப்பைப் பைட் பைட்டாகப் பார்த்தபோது, எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய சரத்தில் "கொ" என்பது க, ெ, ா என்று மூன்று தனி எண்களாக இருந்தது தெரிந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு வகையையும் ஏற்கும்படி மாற்றிவிட்டேன்.

வடிவம் இல்லாத எழுத்து வந்தால் கம்பைலர் நின்று சொல்லவேண்டும் என்பதும் எனக்கு முக்கியம். வழக்கமாக இந்த மாதிரி ஃபங்ஷனுக்குள் பிழையை வீசும் ஒரு த்ரோ எழுதிவைப்பார்கள், ஆனால் இந்த இலக்குக்கு எக்ஸெப்ஷன் வசதி கிடையாது, அந்தச் சொல்லைக் கண்டாலே கம்பைலர் பிழை என்கிறது. அதற்குப் பதிலாக, கம்பைல் நேரத்தில் ஓட முடியாத ஒரு சாதாரண ஃபங்ஷனை அறிவித்து அந்த இடத்தில் கூப்பிட்டேன், பெயர் "இந்த_எழுத்துக்கு_வடிவம்_இல்லை". ஸ்ரீ என்று போட்டுப் பார்த்தபோது டெர்மினலில் பிழைச் செய்திக்கு நடுவே அந்தப் பெயர் தமிழிலேயே வந்து நின்றது. அதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

சரி, ஓட்டிப் பார்த்தேன். திரையில் ஆங்கில எழுத்தும் கோடும் கட்டமுமாக என்னென்னவோ வந்தது. தமிழ் இல்லை.

இதில் ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போனது. எழுத்து வடிவங்கள் 2048-இன் மடங்கான முகவரியில் இருக்கவேண்டும், வீடியோ சில்லு அங்கிருந்துதான் படிக்கும். அதற்காக வடிவ அட்டவணைக்கு 2048 பைட் அலைன்மெண்ட் கேட்டிருந்தேன், லிங்கர் அதை 4096-இல் வைத்திருந்தது. வடிவங்கள் எங்கே என்று வீடியோ சில்லுக்குச் சொல்லும் 53272 என்ற ரிஜிஸ்டரில் அதற்குரிய மதிப்பு 20, அதையும் எழுதிவிட்டேன். எமுலேட்டரின் மானிட்டரில் 4096-ஐத் திறந்து பார்த்தால் என் பைட்டுகள் ஒன்றுகூட மாறாமல் இருந்தன. ஆனாலும் திரையில் பழைய எழுத்துகளே.

53272-இன் இயல்பு மதிப்பு 21 என்று நினைவு வந்தபோதுதான் பிடிபட்டது. கடைசி பிட்டுக்கு வேலை கிடையாது, அதனால் 20-ம் 21-ம் ஒன்றே, அதாவது நான் எதையும் மாற்றவே இல்லை. காமடோர் 64-இல் 4096 முதல் 8191 வரை சிபியு பார்ப்பது ரேம், அதே முகவரிகளில் வீடியோ சில்லு பார்ப்பது எழுத்து ரோம். ஒரே முகவரியில் இரண்டு சில்லுகளுக்கு இரண்டு உலகம். நிரல் 2049-இல் தொடங்குகிறது, அதற்குப் பிறகு வரும் 2048-இன் முதல் மடங்கு 4096, ஆக அலைன்மெண்ட் கேட்கிற எவருக்கும் லிங்கர் இந்தக் குழியைத்தான் முதலில் காட்டும். எல்எல்விஎம் மேல் எந்தத் தவறும் இல்லை, அதற்கு வீடியோ சில்லு என்று ஒன்று இருப்பதே தெரியாது. அலைன்மெண்டை எடுத்துவிட்டு, நிரல் தொடங்கியதும் வடிவங்களை 12288-க்கு நகலெடுத்து, 53272-இல் 28 எழுதினேன். தமிழ் வந்தது.

இப்படி நகலெடுப்பதால் வடிவங்களைக் கோப்பில் எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால், 256-ஐயும் சுமக்காமல் பயன்படும் கட்டங்களை மட்டும் வைத்தேன். 32-ஆம் கட்டத்தை மட்டும் தொடவில்லை, திரையைத் துடைக்கும், காமடோருக்குள்ளேயே வரும் கெர்னல் ரொட்டீன் 32-ஐத்தான் நிரப்பும், அது வெற்றாகவே இருக்கவேண்டும்.

அடுத்து வேகம். பழைய ஆட்கள் செய்யும் வழி ஒன்று உண்டு: வேலை தொடங்கும்போது திரை ஓரத்தைச் சிவப்பாக்கு, முடிந்ததும் கறுப்பாக்கு, சிவப்புப் பட்டையின் உயரம்தான் எடுத்துக்கொண்ட நேரம். பால் (PAL) என்ற டிவி முறைக்கான இயந்திரத்தில் ஒரு திரைக்கோட்டுக்கு 63 சைக்கிள், முழுத் திரைக்கு 312 கோடு, மொத்தம் 19,656 சைக்கிள். 251-ஆம் கோட்டுக்காகக் காத்திருந்து எழுதத் தொடங்கினால் வீடியோ சில்லு இடையில் வந்து சைக்கிள்களைப் பிடுங்காது, அளவு சுத்தமாக வரும். எழுதி ஓட்டினேன். சிவப்பே வரவில்லை. ஓர நிறத்துக்கான 53280-இல் முதலில் 2 (சிவப்பு), பிறகு 0 (கறுப்பு) எழுதுகிறேன், நடுவில் யாரும் அதைப் படிக்கவில்லை, ஆகவே முதலில் எழுதியது வீண் என்று கம்பைலர் தூக்கிவிட்டது. இதைத் தூக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் வால்டைல் என்ற சொல்லைச் சேர்த்ததும் சிவப்பு வந்தது. பெரிய கணினியில் வருடக்கணக்காக நான் தொடாத சொல் அது. இங்கே அது இல்லாமல் ஒரு ரிஜிஸ்டரையும் தொடக்கூடாது.

பட்டை எதிர்பார்த்ததைவிட மிகவும் தடிமனாக இருந்தது. அசெம்பிளியை வெளியே எடுத்துப் பார்த்தேன். வரியை வரையும் ஃபங்ஷனுக்கு நான் ஒரு பாயிண்டரும் ஒரு இண்ட் நீளமும் கொடுத்திருந்தேன், இங்கே இண்ட் 16 பிட், 8 பிட் சில்லில் ஒவ்வொரு சுற்றுக்கும் கீழ்ப் பைட்டைக் கூட்டு, மிச்சத்தை மேல் பைட்டில் சேர், இரண்டையும் ஒப்பிடு என்று ஓடிக்கொண்டிருந்தது. எண்ணியை 8 பிட்டாக்கி, பாயிண்டருக்குப் பதில் டெம்ப்ளேட் வழியாக அணியையே கொடுத்ததும் உள் லூப்பில் ஐந்தே கட்டளை மிஞ்சியது: எல்டிஏ, எஸ்டிஏ, ஐஎன்எக்ஸ், சிபிஎக்ஸ், பிஎன்இ. 4, 5, 2, 2, 3 என்று சுற்றுக்கு 16 சைக்கிள். 40 கட்டத்துக்கு 640, அதாவது பத்துக் கோட்டுக்குச் சற்று மேல். மேல் வரி, கீழ் வரி இரண்டும் சேர்ந்து இருபது கோடு. திரையில் எண்ணிப் பார்த்தேன், இருந்தது. கையால் அசெம்பிளி எழுதியிருந்தாலும் நான் முதலில் எழுதியிருப்பது இதே ஐந்து கட்டளைதான்.

இன்னொன்றையும் சரிபார்த்தேன். தமிழ் யூனிகோடு எண்கள் 2944 முதல் 3071 வரை, 16 பிட்டில் எழுதினால் எல்லாவற்றுக்கும் மேல் பைட் 11. நிரல் கோப்பில் மூலச் சரம் தங்கியிருந்தால் ஒன்றுவிட்டு ஒன்று 11 வரவேண்டும். தேடினேன், அப்படி ஓர் இடம்கூட இல்லை. டெம்ப்ளேட், இரண்டு முறை ஓடும் ஃபங்ஷன், கொம்பை முன்னால் நகர்த்தும் விதிகள், பிழைச் செய்தி எதுவும் இல்லை. இவற்றில் ஒரு பைட்கூடக் காமடோருக்குப் போகவில்லை.

கடைசியாக நிஜ இயந்திரம். இணையத்தில் வாங்கிய பழைய பால் காமடோர், நம் ஊர் டிவியில் ஏவி கேபிளில் நேராக வேலை செய்யும். கூட வந்த பழைய பவர் சப்ளையை நான் செருகவே இல்லை, நீங்களும் செருகாதீர்கள். வயதான அந்தக் கருப்புச் செங்கல்கள் 5 வோல்ட் தரவேண்டிய இடத்தில் அதிகமாகத் தந்து ரேம் சில்லுகளைக் கொன்றுவிடும். புதியதாக ஒன்று வாங்கி, மல்டிமீட்டரில் 5 வோல்ட்டைப் பார்த்த பிறகே இணைத்தேன். நிரலை எஸ்டி கார்டில் போட்டு, டிஸ்க் டிரைவ் மாதிரி நடிக்கும் சின்ன போர்டு வழியாக ஏற்றினேன்.

வந்தது, ஆனால் வெளிறிப்போய். எமுலேட்டரில் கத்தி மாதிரி நின்ற ஒற்றைப் புள்ளி அகலச் செங்குத்துக் கோடுகள் டிவியில் மங்கி, ஓரத்தில் நிறம் கசிந்தன. ப-வின் இரண்டு கால்களும் ஒன்று பச்சையாகவும் ஒன்று ஊதாவாகவும் தெரிந்தன. காமடோரின் சொந்த எழுத்துகளைக் கவனித்தால் செங்குத்துக் கோடுகள் எல்லாம் இரண்டு புள்ளி அகலம் இருக்கும், ஏன் என்று அன்றுதான் உறைத்தது. எல்லா வடிவத்தையும் மறுபடி வரைந்தேன். 8 புள்ளியில் ப, ட, ர தப்பித்தன, ம, வ இரண்டு கட்டமாகின, ண மூன்று கட்டம் எடுத்துக்கொண்டது. கட்டங்கள் 152 ஆகின. மாற்றவேண்டியிருந்தது அட்டவணையை மட்டும், அகலம் மாறினால் நீளங்களைக் கம்பைலரே திரும்ப எண்ணிக்கொள்கிறது. 4100-இல் தொடங்கி ஒவ்வொரு ஜம்ப்பையும் அழித்து எழுதிய அந்த லேப் நோட்டு எனக்கு ஞாபகம் வந்தது இந்த இடத்தில்தான்.

இப்போது டிவியில் முதல் வரியில் "தமிழ்", இரண்டாவதில் "கோவை". ழ-வின் வால் கீழ்க் கட்டத்தில் நன்றாக வளைந்து இடதுபக்கம் போகிறது. மகளை மறுபடி கூப்பிட்டுக் காட்டினேன், தடுமாறாமல் படித்தாள், அடுத்து அவள் பெயரைப் போடச் சொன்னாள். அதில் ஒரு "ஸ்ரீ" இருக்கிறது. 104 கட்டம் மிச்சம் இருப்பதால் இடத்துக்குப் பஞ்சமில்லை, ஸ, ், ர, ீ நான்கையும் ஒரே வடிவமாகச் சேர்க்க மூன்று எண் முன்னால் எட்டிப் பார்க்கும் விதியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.